வால் எந்தப் பக்கம்

வெள்ளவத்தையில் ஸமீமைப் பெயர் சொல்லி அழைக்கிறவர்கள் குறைவு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் வேன் அங்கிள். பிள்ளைகளின் தாய்மாருக்கும் அங்கிள்தான். அவர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் அதே வேனில் மூக்கொழுகப் போனவர்கள். பள்ளிவாசல் பக்கம் மட்டும் அவருக்கு வேறு பெயர் இருந்தது: பிறை கண்ட ஸமீம் நானா. இளவயதில் ஒரு நோன்பு முடிவில், கடற்கரையில் நின்ற கூட்டமெல்லாம் வானத்தைத் துழாவிக் களைத்துப்போன நேரத்தில், இவர் ஒருவர் விரலை நீட்டி "அந்தா" என்றார். விரல் போன வழியில் மற்றவர்களும் கண்டார்கள். அதற்குப் பிறகு பிறை பார்க்கும் மாலைகளில் அவர் இல்லாமல் அந்தக் கூட்டம் கடற்கரைக்கு இறங்கியதில்லை. கண் என்றால் ஸமீமின் கண் என்று சொல்லிச் சொல்லியே ஊர் அந்த மனிதரைக் கெடுத்து வைத்திருந்தது.

அந்தக் கண்தான் இப்போது போய்க்கொண்டிருந்தது. குளோக்கோமா என்று பெயர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் வருத்தம். அதன் கள்ளத்தனம் என்னவென்றால், அது நடுவில் கைவைக்காது. ஓரங்களைத்தான் முதலில் தின்னும். தாளைச் சுருட்டி அதற்குள்ளால் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. சுருளுக்குள் இருப்பது துலக்கமாகத் தெரியும். வெளியே இருப்பது கறுப்பாகக்கூடத் தெரியாது, இல்லாமலே போய்விடும். அதனால்தான் சாரதி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போன இடத்தில் அவர் எழுத்துப் பலகையைக் கடைசி வரிசை வரை கடகடவென்று வாசித்துவிட்டு வந்தார். அடுத்த மாதம், பெப்ரவரியில், தலையிடி என்று கண் கிளினிக்குக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

டொக்டர் இளம்பெண். சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னாள். போன பார்வை திரும்பி வராது. மருந்துத் துளியை ஒழுங்காக விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். என்ன தொழில் என்று கேட்டாள். பள்ளிக்கூட வேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இனி ஓட்டக் கூடாது என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வாசலில் நிறுத்தியிருந்த வேனை எடுத்துக்கொண்டு ஸமீம் நேரே பிள்ளைகளை ஏற்றப் போனார்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் அவசரப்பட்டுத் தீர்ப்பெழுத வேண்டாம். நல்லவர் என்றும் வேண்டாம். வயிற்றுப்பாட்டுக்காக அவர் ஓட்டவில்லை. மகள் ஷஹீமா பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர், வீடு அவளுடைய சம்பளத்தில் நடந்தது. மனைவி பைறோஸா மவுத்தாகி இல்லாமற்போன பிறகு, காலையில் எழும்புவதற்கு அவருக்கு இருந்த ஒரே காரணம் அந்த வேன். ஹோர்ன் சத்தத்துக்குக் கதவுகள் திறக்கும். சப்பாத்துப் போட்டும் போடாமலும் பிள்ளைகள் ஓடிவரும். அது இல்லாவிட்டால் தான் யார் என்று நினைத்துப் பார்க்கவே பயந்தார். அந்தப் பயத்தில் இருபது பிள்ளைகளின் உயிரை மறந்தார். மறந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, தெரிந்துகொண்டே தள்ளிவைத்தார்.

தொழுகை முடிவில் சலாம் கொடுப்பதுபோல் வலமும் இடமும் முழுத் தலையையும் திருப்பித் திருப்பி வண்டியோட்டப் பழகினார். வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். "அங்கிள் இப்ப சரியான கவனம்" என்று தாய்மார் மெச்சினார்கள். ஜூலையில் ஒரு நாள் பாமன்கடைத் திருப்பத்தில் இடப்பக்கத்தால் வந்த மோட்டார் சைக்கிளை அவர் காணவேயில்லை. பின்சீட்டில் ஒரு பிள்ளை அலறியதும் பிரேக்கை மிதித்தார். மோட்டார் சைக்கிள்காரன் கண்ணாடியில் தட்டி, வாயில் வந்ததெல்லாம் பேசிவிட்டுப் போனான். அன்று பகல் வேனை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தார். மறுநாள் காலை ஹோர்ன் அடித்தார்.

ஒக்டோபரில் வால்வெள்ளி வந்தது. ஷஹீமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் சொன்னது போதாதென்று இராச்சாப்பாட்டிலும் அதே கதை. மகள் உற்சாகமாகப் பேசினால் ஸமீமுக்குச் சோறு இறங்கும், ஆகையால் கேள்வி எடுத்துக்கொடுத்தார்.

"சூரியன் உண்டான நேரம் அதச் சுத்தித் தூசும் ஐசும் பெரிய தட்டு மாதிரி சுத்திட்டிருந்திச்சி வாப்பா. கிரகங்களாச் சேர்ந்தது போக மிஞ்சின ஐஸ் கட்டிகள் தான் இதுகள்."

"அப்ப அந்தத் தட்டுட ஆகத் தூரத்துக் கரையில தான் உண்டானதா?"

"இல்ல. இந்த மாதிரி தூரத்தால வாறதுகள் கனக்க, வியாழன், சனி, நெப்டியூன் சுத்துற பக்கங்கள்ல உண்டானது. பெரிய கிரகங்களுக்குக் கிட்டப் போன நேரம் அந்த ஈர்ப்பு தூக்கி எறிஞ்சிட்டிது. சிலது ஒரேயடியா வெளியில போயிட்டுது. சிலது ஆகக் கடைசிக் கரையில போய் நிண்டிட்டுது. நெப்டியூனுக்கும் அங்கால, எண்ணிப் பாக்க ஏலாத தூரம். எல்லாப் பக்கமும் எங்களச் சுத்தி, கோடிக்கணக்கில ஈக்கு."

"அங்கேருந்து பாத்தா சூரியன் தெரியுமா மகள்?"

"தெரியும். மத்த நட்சத்திரங்கள் மாதிரி ஒண்டு. கொஞ்சம் வெளிச்சம் கூட, அவ்வளவுதான்."

ஸமீம் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். அவ்வளவு இருட்டில், ஒன்றுக்கொன்று தெரியாமல், கோடிக்கணக்கில் கிடக்கும் கட்டிகளை நினைத்தார். கையருகில் இருந்த தண்ணீர்க் குவளையை அவர் அன்று இரண்டு தரம் தட்டிவிட்டிருந்தார். மகள் அதைக் கவனப் பிசகு என்று எடுத்துக்கொண்டாள்.

"பிறகு ஏன் இங்க வருது?"

"எங்கயோ தூரத்தால ஒரு நட்சத்திரம் கடந்து போகும். இல்லாட்டி பால்வீதியே சேர்ந்து இழுக்கும். அதில அந்த ஐஸ் கட்டி போற பாதை துளி மாறினாப் போதும், உள்ளுக்கு விழத் தொடங்கும். இங்க வந்து சேர லட்சக்கணக்கான வருஷம் எடுக்கும். சூரியன்ட சூடு பட்டாப் பிறகு தான் ஐஸ் ஆவியாகி, தூசும் சேர்ந்து பறந்து, நாங்க காணுற மாதிரி வெளிச்சமாகும்."

"பிரேக் இல்லாத வண்டி."

"எஞ்சினும் இல்ல வாப்பா" என்று அவள் சிரித்தாள். "சூரியனச் சுத்திட்டு இப்ப திரும்பிப் போகுது. எண்பதாயிரம் வருஷத்தில திரும்ப வரும் எண்டு வாட்ஸப்பில போடுறாங்க. வருமா எண்டே சொல்ல ஏலாது. வெளியில போய் அப்படியே போனாலும் போகும். வாலப் பத்தி மட்டும் சொல்ல மாட்டன், அத நீங்களே பாத்திட்டுச் சொல்லுங்க."

நாலைந்து மாலைகள் மழை கொட்டியது, ஸமீம் உள்ளூரச் சந்தோசப்பட்டார். பிறகு ஒரு மாலை வானம் துடைத்து வைத்ததுபோல் வெளித்தது. மஃரிப் தொழுதுவிட்டு ஆட்கள் றெயில் பாதையைக் கடந்து கடற்கரைக்கு இறங்கினார்கள். பிறைக்கு வருகிற கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம், பெண்களும் பிள்ளைகளுமாக. மேற்கே வெள்ளி தகதகவென்று நின்றது. ஸமீமோடு பிறை பார்த்தே நரைத்துப்போன பாஹிம் முன்னால் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பாமன்கடையில் சில்லறைக்கடை, வாய் மட்டும் மொத்த வியாபாரம்.

"மச்சான், வெள்ளிக்கு வலப்பக்கம், நல்லா மேல பாரு. புகை மாதிரி ஒண்டு தெரியுது. நீ சொன்னாத்தான் நான் நம்புவன்."

ஸமீம் வெள்ளியைப் பிடித்தார். அங்கிருந்து பார்வையை வலப்பக்கம் நகர்த்தினார். சுருளுக்குள் இருந்த சின்னஞ்சிறு வானம் வெறுமையாகக் கிடந்தது. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, திரும்பவும் வெள்ளிக்கு. ஒன்றுமில்லை. மங்கலானதெல்லாம் அவருக்கு எப்போதோ அணைந்துவிட்டது. சுற்றிவரப் பிள்ளைகள் "அந்தா, அந்தா" என்றன. மேகம் என்று சொல்லித் தப்பலாம் என்றால், அன்று மேகம் இல்லை. பாஹிம் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு இளவட்டங்களும் திரும்பி ஸமீமைப் பார்த்தார்கள்.

"ஓம்" என்றார் ஸமீம். "தெரியுது."

"ஸமீம் நானா கண்டிட்டார்" என்று பாஹிம் ஊருக்கே அறிவித்தார். சிரிப்பும் கைதட்டும் எழுந்தன. பல மாதங்களுக்குப் பிறகு ஸமீமுக்கு நெஞ்சு நிறைந்தது. கொஞ்ச நேரத்துக்காவது அவர் பழைய ஸமீமாக இருந்தார்.

அப்போதுதான் நிலூஷா மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து, கல்யாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்தவள், வங்கியில் வேலை. அவளுடைய மகன் ஜொனாதன் வேனில் முதல் சீட்டுக்காரன், வாய் ஓயாத பிள்ளை.

"அங்கிள், இவனுக்கு வாலைக் காட்டுங்கோ. எனக்கு மங்கலாத்தான் இருக்கு. வால் மேலயா கீழயா?"

ஸமீம் ஒரு கணம் யோசித்தார். அங்கேதான் பிழை விட்டார். ஆயுள் முழுக்க வண்டியோட்டியவர் வண்டிக்காரனாகவே யோசித்தார். அது சூரியனை விட்டு விலகி நாளுக்கு நாள் மேலே ஏறுகிறது என்று மகள் சொல்லியிருந்தாள். மேலே ஏறும் வண்டிக்குப் புகை கீழேதானே வரும்.

"கீழ" என்றார் நிலூஷாவிடம் உறுதியாக. "வால் கீழ, கடல் பக்கம். அது மேல ஏறிப் போகுது தானே மகள். புகை பின்னால தானே இழுபடும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "நானா, தலைகீழாப் பாக்கிறீங்களா?" என்றான் ஒருவன். பகிடி என்று நினைத்து ஸமீமும் சேர்ந்து சிரித்தார்.

ஷஹீமா சிரிக்கவில்லை. "இல்ல மிஸிஸ், வால் மேல தான் ஈக்கு" என்று நிலூஷாவிடம் சொன்னாள். அவளுடைய குரல் வகுப்பில் ஒப்புவிக்கிற குரலாக மாறியிருந்தது. "சூரிய வெளிச்சமும் சூரியனிலேருந்து வீசுற காத்தும்தான் வாலத் தள்ளுது. அதால எந்தப் பக்கம் போனாலும் வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் தான். சூரியன் இப்ப கடலுக்குக் கீழ, அதால வால் மேல. திரும்பிப் போற நேரம் வால்தான் முன்னுக்குப் போகும்."

சொல்லி முடித்துவிட்டு அவள் தகப்பனைப் பார்த்தாள். கண்ணால் கண்டவருக்கு மேலா கீழா என்று சொல்ல நியாயம் எதற்கு? வாப்பா வானத்தைப் பார்க்காமல் யோசித்துச் சொன்னார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள் என்பது, அவள் பேச்சு நின்ற மாதிரியிலேயே ஸமீமுக்கு விளங்கிவிட்டது.

திரும்பி வரும்போது றெயில் பாதையில் அவருடைய கையைப் பிடித்தாள். அந்தப் பக்கம் ஏறிய பிறகும் விடவில்லை. ஒழுங்கைக்குள் தெருவிளக்கின் கீழ் நின்றாள்.

"வாப்பா, நேர பாருங்க. அந்த மஞ்சள் கேற்றப் பாருங்க. திரும்ப வேணாம்."

ஸமீம் கேற்றைப் பார்த்தார். அதன் பூட்டுக்கூடத் தெரிந்தது. நேரம் போனது. அவள் ஏன் பேசாமல் நிற்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

"எத்தின விரல் வாப்பா?"

"கை நீட்டினியா மகள்?"

தலையைத் திருப்பினார். காதுக்கு ஒரு சாண் தள்ளி, விரித்த ஐந்து விரல்களோடு அவளுடைய கை அந்தரத்தில் நின்றது. அவள் மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். பூசி மெழுகத் தெம்பில்லை. பெப்ரவரி, டொக்டர், மருந்துத் துளி, பாமன்கடை. ஷஹீமா நாற்காலியில் ஒரு பொட்டலம்போல் ஒடுங்கி இருந்து கேட்டாள்.

"நடுவில நல்லாத் தெரியுது மகள். நம்பு."

"புள்ளயள் நடுவிலயா வந்து நிக்கும்?" என்றாள் அவள். "வேன் கதவு இடப்பக்கம். எல்லாம் இடப்பக்கத்தால தானே இறங்குது."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நோன்புப் பிறை? இந்த வருஷம் நீங்கதானே முன்னுக்கு நிண்டீங்க?"

"மேகம் எண்டு சொன்னேன். காணாத பிறையக் கண்டன் எண்டு சொல்லுவனா? அல்லாஹ்ட சாட்சி அது."

"பிறைக்குப் பொய் சொல்லப் பயம். ஜொனாதனுக்கு, மத்தப் புள்ளயளுக்குப் பயமில்லையா வாப்பா?"

அவருக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாதவர்களுக்கு அதுதானே கைவசம் இருக்கும். "இந்த வேன் ஓடித்தான் நீ டீச்சரானாய்" என்றார். சொன்ன மாத்திரத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

"பள்ளிக்கூடத் தவணை முடியும் வரைக்கும் மகள். டிசம்பர் மட்டும். பிறகு நானே சொல்லி நிப்பாட்டுறன்."

"நாளைக்கு ஒரு புள்ளயும் ஏறாது. நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன். நீங்க சொன்னா நல்லம் எண்டு நினைக்கிறன்."

அவளுடைய கண்ணில் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது. சாரத்தின் மடிப்பிலிருந்து வேன் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். வேன் குழுவுக்குக் குரல்பதிவு அனுப்ப ஃபோனைக் கேட்டார். அவள் பொத்தானை அமுக்கி வாயருகில் பிடித்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ஸமீம் அங்கிள். நாளையிலிருந்து வேன் வராது. எனக்குக் கண்ணில வருத்தம். நடுவில தெரியுது, ரெண்டு பக்கமும் தெரியாது. புள்ளயளுக்கு வேற ஒழுங்கு பாருங்க. மன்னிச்சுக்கொள்ளுங்க."

பதில்கள் மளமளவென்று வந்தன. ஷஹீமா ஒவ்வொன்றாக வாசித்தாள். துஆச் செய்கிறோம் அங்கிள். மாதாவிடம் மன்றாடுகிறோம் அங்கிள். உங்களைப் போல் ஒருவர் கிடைக்க மாட்டார். கண் மருந்துக்கு ஆள் தெரியும் என்று ஒரு தகப்பன் எழுதியிருந்தார். ஸமீம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு அன்பு இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னமே சொல்லியிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது.

பிறகு ஷஹீமா ஒன்றை வாசிக்காமல் நிறுத்தினாள்.

"யாரு?"

"நிலூஷா மிஸிஸ்." அவள் மெல்ல வாசித்தாள். "'அங்கிள், எப்ப தொடக்கம் இப்படி?'"

நேற்று என்று சொல்லலாம், போன கிழமை என்று சொல்லலாம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? மகள் ஃபோனை அவருடைய வாயருகில் கொண்டுவந்து பிடித்தாள். அந்த மாலை ஏற்கெனவே காணாததைக் கண்டதாக ஒரு பொய் சொல்லியிருந்தார். இன்னொன்று தொண்டை வரை வந்தது. மென்று விழுங்கினார்.

"பெப்ரவரியில டொக்டர் சொன்னா, நிலூஷா மகள். ஓட்ட வேணாம் எண்டும் சொன்னா. நான் ஓட்டினேன்."

அதற்குப் பிறகு பதில் வரவில்லை. எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று திரையில் தெரிந்தது. சற்று நேரத்தில் ஒருவர் குழுவை விட்டு விலகினார். பின்னாலேயே இன்னொருவர். ஷஹீமா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். வேன் மறு கிழமையே தெமட்டகொடைக்காரன் ஒருவனுக்குப் போனது.

வால்வெள்ளி இப்போது எங்கே என்று சில நாள் கழித்துக் கேட்டார். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, தொலைநோக்கி வேண்டும் என்றாள் மகள். சூடு குறையக் குறைய வாலும் ஒடுங்கி, கடைசியில் கறுத்த ஐஸ் கட்டியாகப் போய்க்கொண்டிருக்கும் என்றாள். எவ்வளவு காலம் என்று அவர் கேட்கவில்லை.

நவம்பரில் ஒரு காலை, பாண் வாங்கிக்கொண்டு ஒழுங்கையால் வந்தார். ஹோர்ன் அடிக்க வேண்டிய நேரம் அது, கால் பழக்கத்தில் அந்த வழியால்தான் போகும். எதிரே யாரும் இல்லை. மதில் ஓரமாக இடப்பக்கத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்டது, ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

"வேன் அங்…"

பிள்ளையின் குரல் பாதியில் அமுங்கியது, யாரோ வாயைப் பொத்தியதுபோல். சப்பாத்துகள் வேகம் பிடித்தன.

ஸமீம் தலையை முழுதாகத் திருப்பினார். அதற்குள் அவர்கள் கடந்துவிட்டிருந்தார்கள். முதுகில் தொங்கிய நீலப் பையை அவருக்குத் தெரியும், எத்தனையோ காலை அதைத் தூக்கி வேனுக்குள் வைத்திருக்கிறார். கையை உயர்த்தினார், யாரும் திரும்பவில்லை. ரெண்டு பக்கமும் தெரியாது என்று அவர்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அதனால் நிலூஷாவுக்கு எந்தப் பக்கத்தால் போக வேண்டும் என்று தெரிந்திருந்தது.